ஒன்பது பேரை எப்படித் தேர்ந்தெடுப்பது? ஆசிரியர் பேரவைக்கு ஐந்து வழிகள்

எங்கள் கல்லூரிக்குத் தன்னாட்சி (பாடத்திட்டத்தைத் தானே வகுத்துக்கொள்ளும் உரிமை) கிடைத்து இது இரண்டாம் ஆண்டு. காரைக்குடிக்குப் பக்கத்தில், நகரத்தார் குடும்பம் ஒன்றின் அறக்கட்டளை நடத்தும் கல்லூரி. ஆட்சிக்குழு, கல்விக்குழு, பாடத்திட்டக் குழு, நிதிக்குழு எல்லாம் பல்கலைக்கழக மானியக் குழு சொன்னபடி அமைந்துவிட்டன. பாடத்திட்டங்களுக்கு ஒப்புதல் தருவது கல்விக்குழு. அங்கே போகிற விஷயங்களை ஆசிரியர்கள் முன்கூட்டியே பார்த்துக் கருத்துச் சொல்வதற்குத் தனியாக ஒரு பேரவை வேண்டும் என்று கேட்டோம். முதல்வர் ஒத்துக்கொண்டார். செயலரும் சரி என்றார். ஒன்பது பேர் கொண்ட பேரவை. அந்த ஒன்பது பேரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதுதான் பாக்கி.

விதிமுறை வரைவு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஸ்டாஃப் ரூமில் நான்கு யோசனைகள் ஓடின, ஐந்தாவது கொஞ்சம் தாமதமாக வந்தது. பக்கத்துக் கல்லூரிகளிலும் இதே பேச்சு நடப்பதால், ஒவ்வொன்றையும் எடைபோட்டுப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில், இது ஏன் எனக்கு இவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். பல வருஷத்துக்கு முன் வேறொரு தன்னாட்சிக் கல்லூரியில் வேலை பார்த்தேன். அங்கே கல்விக்குழுவின் அஜெண்டாவைக் கூட்டம் நடக்கும் அறையில்தான் கையில் கொடுப்பார்கள். தடித்த கட்டு, எல்லாத் துறைகளின் பாடத்திட்டமும் அதில் இருக்கும். மதியச் சாப்பாட்டுக்கு முன் எல்லாம் நிறைவேறிவிடும். அப்படி நிறைவேறிய ஒரு பொருளாதாரப் பாடத்திட்டத்தில் பொருளாதார அளவையியல் (எகனாமெட்ரிக்ஸ்) மூன்றாம் செமஸ்டரிலும், அதற்கு அடிப்படையான புள்ளியியல் நான்காம் செமஸ்டரிலும் இருந்தன. சராசரிக்கும் திட்டவிலக்கத்துக்கும் முன்னால் தொடர்புப்போக்கை (ரெக்ரஷன்) படிக்க வைத்தோம். இந்தத் தப்பை முதலில் கண்டுபிடித்தவர், அரசு சம்பளம் இல்லாத சுயநிதிப் பிரிவில் வகுப்பெடுத்த ஓர் இளம் ஆசிரியை. பாடம் நடத்துகிறவர் அவர்தானே! ஆனால் அவர் எந்தக் குழுவிலும் இல்லை. துறைத்தலைவரிடம் சொல்லியிருக்கிறார், அது அங்கேயே நின்றுவிட்டது. அந்தப் பாடத்திட்டம் மூன்று வருஷம் ஓடியது. மாற்றிய பிறகும் அரியர் வைத்திருந்த பிள்ளைகள் பழைய பாடத்திட்டத்திலேயே எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அதனால் எந்த வழியைப் பார்த்தாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன்: இந்த முறையில் அந்த ஆசிரியை பேரவைக்குள் வருவாரா, வந்தால் வாய் திறப்பாரா?

நியமனம்

முதல்வரோ நிர்வாகமோ ஒன்பது பேரைப் பெயர் சொல்லி நியமிப்பது. ஒரே சர்க்குலரில் வேலை முடிந்துவிடும். பாட வாரியாக, அனுபவ வாரியாகப் பார்த்துப் பொருத்தமானவர்களைப் போடலாம். தான் போட்ட ஆள் சொல்வதை நிர்வாகம் காதுகொடுத்துக் கேட்கும் என்பதும் உண்மை. புதிதாக எதையும் தொடங்கும்போது அது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் செட்டிநாட்டில் இதற்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. இந்த மண்ணில் கல்வி என்பது ஒருவர் கொடுத்து வந்தது. 1947-ல் அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கே வரவேண்டும் என்பதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார் 1929-ல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகமே நிறுவினார். அந்தக் கைகளைப் பற்றிப் பேசும்போது எனக்கு இன்றும் மனம் நிறைகிறது. கொடுத்தவர்களிடம் இருக்கும் இந்த மரியாதையே நம் வாயையும் கட்டிவிடுகிறது. “இத்தனை செய்தவர்களிடம் போய் இதைக் கேட்பதா?” என்று தயங்குகிறோம். நியமிக்கப்பட்டவருக்கு அந்தத் தயக்கம் இரண்டு மடங்கு. நாற்காலியும் அவர்கள் கொடுத்ததுதானே.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பழைய சட்டப்படி இணைவேந்தர் பதவி நிறுவனர் குடும்பத்தில் வழிவழியாக வந்தது. துணைவேந்தர் பதவிக்கான பெயர்ப்பட்டியலும் அங்கிருந்தே போகும். நிதி நெருக்கடிக்குப் பிறகு 2013-ல் அரசு புதுச் சட்டம் கொண்டுவந்து பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொண்டது. அந்த நெருக்கடிக்குப் பல காரணங்கள் உண்டு, ஒரே காரணத்தின் மேல் பழிபோட நான் வரவில்லை. மேலிருந்து அமர்த்தும் ஏற்பாட்டில் கெட்ட செய்தியை மேலே கொண்டுபோக ஆள் கிடைப்பது கடினம் என்று மட்டும் சொல்கிறேன்.

அந்த ஆசிரியை வருவாரா? நிர்வாகம் நல்ல மனத்தோடு அவரையும் போடலாம். பேசுவாரா? மாட்டார் என்றே நினைக்கிறேன்.

பணிமூப்புச் சுழற்சி

இந்த முறை வந்தால் எனக்கே இடம் உண்டு. எய்டட் பிரிவில், அதாவது அரசு சம்பளம் தரும் பிரிவில், 24 வருஷப் பணி. அதனால் இதைப் பற்றி நான் சொல்வதை இன்னும் கவனமாகவே எடைபோடுங்கள்.

மூப்புக்கு மரியாதை உண்டு, காரணமும் உண்டு. பிரசாரம் கிடையாது, ஓட்டுக் கேட்டு வராண்டாவில் நிற்பது கிடையாது, துறைக்குத் துறை அணி சேர்வது கிடையாது. தேர்தல் என்று வந்தால் சாதி பார்த்து ஓட்டுப் போடுவார்கள் என்ற பயம் பல பேருக்கு இருக்கிறது. அது வீண் பயம் என்று சொல்லமாட்டேன். சுழற்சியில் அதற்கு இடமே இல்லை. பட்டியலில் அடுத்த பெயர் யாரோ அவர் வருவார், அவ்வளவுதான்.

கல்விக்குழுவுக்கு மானியக் குழு விதித்திருப்பதும் இதுதான். முதல்வர் தலைமையில் எல்லாத் துறைத்தலைவர்களும் இருப்பார்கள். அவர்களோடு ஆசிரியர்கள் நான்கு பேர், பணிமூப்புச் சுழற்சியில். அப்புறம் வெளி வல்லுநர்கள், பல்கலைக்கழகத்தின் பிரதிநிதிகள். இந்த நான்கு பேரைப் பற்றிய வரியில் பெரும்பாலான கல்லூரிகள் தாண்டிப்போகிற ஒரு சொற்றொடர் இருக்கிறது. அவர்கள் “வெவ்வேறு வகை ஆசிரியர்களின்” பிரதிநிதிகளாக இருக்கவேண்டும் என்கிறது விதி. நடைமுறையில் மூப்புப் பட்டியலின் முதல் நான்கு பெயர்களை எடுத்து எழுதிவிடுகிறோம். அந்த நான்கு பேரும் எய்டட் ஆகவே இருந்துவிடுகிறார்கள். வகைக்கு வகை தனி மூப்புப் பட்டியல் போட்டாலே இது பாதி சரியாகும். பேரவை விஷயம் ஒரு பக்கம் இருக்கட்டும், கல்விக்குழுவில் இதை உடனே செய்யும்படி உங்கள் முதல்வரிடம் கேளுங்கள். விதியிலேயே இருப்பதுதான்.

பேரவைக்கும் அதே முறையை வைத்தால் என்ன ஆகும்? துறைத்தலைவர்களும் மூத்தவர்களும் ஏற்கெனவே கல்விக்குழுவில் உட்கார்ந்திருக்கிறோம். அதே முகங்கள் இங்கேயும் கூடினால் முன்னோட்டக் கூட்டம் ஒன்றுதான் நடக்கும். புதுக் காது ஒன்றும் வராது. சுயநிதிப் பிரிவில் பத்து வருஷம் ஆனவரே அங்கே மூத்தவர். பொதுப் பட்டியலில் அவர் முறை வருவதற்குள் வேறு வேலைக்குப் போயிருப்பார்.

பொதுத் தேர்தல்

எல்லாரும் சமம், ஆளுக்கு ஒன்பது ஓட்டு, அதிக ஓட்டு வாங்கிய ஒன்பது பேர் உள்ளே. கேட்கும்போதே நியாயமாக இருக்கிறது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புதிதும் இல்லை. நகரத்தார் கோயில்களில் திருமணமான குடும்பம் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. கொண்டுவிற்கப் போன கடலில் கப்பல் கவிழ்ந்தவரும் ஒரு புள்ளிதான், கோட்டை மாதிரி வீடு கட்டியவரும் ஒரு புள்ளிதான். ஸ்டாஃப் ரூமில் ஒரு தம்பி, “நம்மளும் ஆளுக்கு ஒரு புள்ளின்னு வச்சுக்கலாமே சார்” என்றதும் எல்லாரும் தலையாட்டினோம்.

பேப்பரில் கணக்குப் போட்டபோதுதான் உறைத்தது. ஆசிரியர்கள் 120 பேர் என்று வைத்துக்கொள்வோம். 40 பேர் எய்டட், 80 பேர் எஸ்.எஃப். எனப்படும் சுயநிதி. ஆளுக்கு ஒன்பது ஓட்டு என்றால், 80 பேரும் ஒன்பது பெயரைப் பேசிவைத்துப் போட்டால் ஒன்பது இடமும் அவர்களுக்கே. 40 பேருக்கு ஒன்றுகூடக் கிடைக்காது. மூன்றில் ஒரு பங்கு ஆட்களுக்குப் பூஜ்யம்! இதையே துறை வாரியாகப் பாருங்கள். வணிகவியலும் கணினி அறிவியலும் கைகோத்தால் தமிழ், வரலாறு, தாவரவியல் எல்லாம் வெளியே நிற்கும். புள்ளி சமமாக இருந்தால் போதாது. அந்தப் புள்ளிகளை எப்படி எண்ணுகிறோம் என்பதும் நியாயமாக இருக்கவேண்டும்.

அந்த ஆசிரியை இதில் வரலாம். இந்தக் கல்லூரியில் பெரும்பான்மை அவர் பக்கம். ஆனால் தனக்கு நடந்தது வேறொருவருக்கு நடக்கும்படி ஒரு முறையை அவர்மூலம் கொண்டுவர எனக்கு மனம் இல்லை.

பிரிவுவாரித் தேர்தல்

ஒன்பதில் மூன்று எய்டட், ஆறு எஸ்.எஃப். என்று பிரித்து, அந்தந்தப் பிரிவினர் அந்தந்த இடங்களுக்கு ஓட்டுப் போடுவது. எளிது, யாருக்கும் ஒரு நிமிஷத்தில் விளக்கிவிடலாம். யாரும் மொத்தமாகத் துடைத்தெடுக்க முடியாது. முதல் வரைவில் நான் எழுதியது இதைத்தான்.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கேள்வி வந்தது. நூலகர் எந்தப் பிரிவு? உடற்கல்வி இயக்குநர்? எய்டட் பிரிவில் ஓய்வுபெறுகிறவர்களின் இடங்கள் வருஷக்கணக்கில் நிரப்பப்படாமல் கிடக்கின்றன. இன்று 40 என்றால் நாளை 25 ஆகலாம். அப்போதும் மூன்று இடமா? ஒவ்வொரு முறையும் விதியைத் திருத்தவேண்டும், திருத்தும்போதெல்லாம் சண்டை வரும்.

இதைவிட எனக்கு உறுத்தியது வேறு. ஒரே பாடத்தை, ஒரே கட்டடத்தில், காலை ஷிஃப்டில் ஒருவரும் மாலை ஷிஃப்டில் ஒருவரும் எடுக்கிறோம். சம்பளத்தில்தான் வானத்துக்கும் பூமிக்கும் வித்தியாசம். அந்தப் பிரிவை நாமே நாற்காலியின் முதுகில் எழுதி ஒட்டவேண்டுமா? எய்டட் ஆசிரியர் ஒருவர், “எஸ்.எஃப்.ல இருக்கிற அந்தம்மா நல்லாப் பேசுவாங்க, அவங்களுக்குத்தான் என் ஓட்டு” என்று நினைத்தால் இந்த முறையில் அவரால் போடவே முடியாது.

விருப்ப வரிசை வாக்கு

மாநிலங்களவைத் தேர்தலில் எம்.எல்.ஏ.க்கள் ஓட்டுப் போடுகிற முறை இதுதான். வாக்குச்சீட்டில் பெயர்களுக்கு எதிரே 1, 2, 3 என்று விருப்ப வரிசையில் எண் போடவேண்டும். ஓட்டு ஒன்றுதான், அது வீணாகாமல் அடுத்த விருப்பத்துக்கு நகரும்.

அதே 120 பேர் கணக்கில் பார்ப்போம். மொத்த ஓட்டை, இடங்களின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி வகுக்கவேண்டும். 120-ஐப் பத்தால் வகுத்தால் 12, அதோடு ஒன்று சேர்த்தால் 13. பதின்மூன்று ஓட்டு வாங்கியவர் ஜெயித்தார். பத்துப் பேர் ஆளுக்கு 13 வாங்க 130 ஓட்டு வேண்டும், நம்மிடம் இருப்பது 120 தான். அதனால் ஒன்பது பேருக்குமேல் அந்தக் கோட்டைத் தொடமுடியாது. ஒருவர் 13-க்கு மேல் வாங்கினால் உபரி ஓட்டு அந்தச் சீட்டுகளின் அடுத்த விருப்பத்துக்குப் போகும். யாரும் தொடவில்லை என்றால், கடைசியில் இருப்பவரை நீக்கி அவருடைய சீட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றவேண்டும். 40 பேர் சேர்ந்து நின்றால் மூன்று இடம், 80 பேர் சேர்ந்து நின்றால் ஆறு. எந்த ஒதுக்கீடும் எழுதாமலே! எய்டட் 25 ஆகக் குறைந்தால் மொத்தம் 105, தேவைப்படும் ஓட்டு (பின்னத்தை விட்டுவிட்டால்) 11, அவர்களுக்கு இரண்டு இடம். விதியில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவேண்டியதில்லை. பிரிவு தாண்டியும் போடலாம். தமிழ்த்துறையும் தாவரவியலும் சேர்ந்து ஒருவரைக் கொண்டுவரலாம், இரண்டாம் ஷிஃப்டில் இருக்கும் பெண்கள் சேர்ந்து ஒருவரைக் கொண்டுவரலாம்.

“இதெல்லாம் புரியாது, எண்ணவே விடியும்” என்றார்கள். சரி, செய்தே பார்த்துவிடலாம் என்று ஒரு வெள்ளிக்கிழமை 15 பேரை உட்காரவைத்தோம். டீக்கு வாங்க மூன்று பலகாரம் தேர்ந்தெடுக்கவேண்டும். 11 பேருக்குக் காரம் பிடிக்கும், நான்கு பேருக்கு இனிப்பு. முதலில் ஆளுக்கு மூன்று ஓட்டு என்று நடத்தினோம். மசாலா சீயம், தேன்குழல், சீப்புச்சீடை, மூன்றும் காரம். இனிப்புக்காரர்கள் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார்கள். பிறகு விருப்ப வரிசை. 15-ஐ நான்கால் வகுத்து ஒன்று கூட்டி, பின்னத்தை விட்டுவிட்டால் நான்கு. கந்தரப்பம் நான்கு ஓட்டோடு உள்ளே வந்தது, மற்ற இரண்டும் காரம். கணிதத்துறை ஆசிரியர்கள் இரண்டு பேர் கரும்பலகையில் எண்ணி முடிக்க டீ ஆறவில்லை. 120 சீட்டு என்றால் ஒரு மதியம் ஆகும். கல்லூரிக்கு அது பெரிய விலை இல்லை.

முக்கியமான கேள்விக்கு வருகிறேன். அந்த ஆசிரியைக்கு இந்த முறையில் பதின்மூன்று பேர் போதும். செயலரின் தயவு வேண்டாம், மூப்பு வேண்டாம், பெரிய துறையின் கூட்டணி வேண்டாம். தன்னோடு வேலை பார்க்கிற பதின்மூன்று பேர் ரகசியமாக எண் போட்டு அனுப்பினால் அவர் உள்ளே. எழுந்து பேசும்போது அந்தப் பதின்மூன்று பேரும் அவர் பின்னால் இருக்கிறார்கள். என் வரைவு இந்த முறைக்குத்தான்.

அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம் வேறு இரண்டு அமைப்புகளோடு சேர்ந்து உருவாக்கிய 1966-ஆம் ஆண்டு அறிக்கை ஒன்று உண்டு. பாடத்திட்டம், கற்பிக்கும் முறை, ஆராய்ச்சி இவற்றில் முதன்மைப் பொறுப்பு ஆசிரியர்களுடையது என்கிறது அது. அவர்களுடைய பிரதிநிதிகளை, அவர்களே வகுத்துக்கொண்ட முறைப்படி, அவர்களே தேர்ந்தெடுக்கவேண்டும் என்றும் சொல்கிறது. நம் ஊரில் இதைச் சொன்னால் சங்க வேலை என்று நினைத்துவிடுகிறார்கள். சம்பளமும் பணிநிலையும் மூட்டா போன்ற கல்லூரி ஆசிரியர் சங்கங்களின் வேலை, அவை அதைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன. பேரவை பார்க்கவேண்டியது எந்தப் பாடம் எந்தச் செமஸ்டரில், அக மதிப்பீடு எப்படி, தேர்வுக்கும் வகுப்புக்கும் நாள் எத்தனை என்பதை. 2023-ல் மாநில உயர்கல்வி மன்றம் பொதுப் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தபோது தன்னாட்சிக் கல்லூரி ஆசிரியர்கள் பலர் எதிர்த்தார்கள். பாடத்திட்டம் வகுக்கும் உரிமை எங்களுடையது என்றார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். அந்த உரிமையைக் கல்லூரிக்குள் யார் கையில் வைத்திருக்கிறோம் என்று அன்று நாங்கள் பேசவில்லை.

எந்த முறை என்றாலும் கூடவே எழுதவேண்டியவை

ஓட்டு முறை எதுவானாலும், பணி ஆர்டர் வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிற ஒருவரின் பயத்தை அது மட்டும் போக்காது. எய்டட் ஆசிரியரை நினைத்தவுடன் அனுப்பிவிட முடியாது. எஸ்.எஃப். ஆசிரியருக்கு மே மாதம் வந்தாலே வயிற்றைக் கலக்கும். அதனால் பேரவைக் கூட்டத்தில் சொன்ன கருத்தைக் காரணமாக வைத்து யாருடைய பணியும் நிறுத்தப்படாது என்று ஆட்சிக்குழுவில் ஒரு தீர்மானம் கேட்டிருக்கிறேன். பேரவைக் காலம் முடிவதற்குள் உறுப்பினரின் ஆர்டர் புதுப்பிக்கப்படவில்லை என்றால் எழுத்தில் காரணம் சொல்லவேண்டும் என்றும் சேர்த்திருக்கிறேன். செயலர் படித்துவிட்டு யோசிக்கிறேன் என்றிருக்கிறார். இந்த ஒரு தீர்மானம் வரவில்லை என்றால், மேலே நான் போட்ட கணக்கெல்லாம் பாதிப் பயன்தான் தரும்.

அஜெண்டா பத்து நாளுக்கு முன் கையில் இருக்கவேண்டும். மினிட்ஸ் ஒரு வாரத்துக்குள் எல்லா ஸ்டாஃப் ரூமிலும் ஒட்டவேண்டும். பேரவை சொன்னதைக் கல்விக்குழு ஏற்கவில்லை என்றால் ஏன் என்று ஒரு வரியாவது எழுதவேண்டும். உறுப்பினர் காலம் இரண்டு வருஷம். அடுத்த முறை நிற்கவேண்டும் என்றால் ஒரு சுற்று இடைவெளி விடவேண்டும். முதலாம் பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில், வாரியத்தில் இருந்தவர் அடுத்த மூன்று வருஷம் மீண்டும் வரமுடியாது, இருந்தபோது கணக்குக் காட்டாதவர் வரவே முடியாது என்று இருக்கிறது. குடவோலையை எல்லாரும் மேடையில் சொல்கிறோம், இந்த இரண்டு விதிகளையும் விட்டுவிடுகிறோம். நான் இரண்டின் கருத்தையும் வரைவில் எடுத்துக்கொண்டேன்.

கடைசியாகக் கூட்ட நேரம். பிற்பகல் 3 மணி என்று ஒருவர் எழுதிக்கொடுத்தார். அந்த நேரத்தில் இரண்டாம் ஷிஃப்ட் ஆசிரியர்கள் எல்லாரும் வகுப்பில் இருப்பார்கள். மாலை 6 மணி என்றார் இன்னொருவர். தேவகோட்டைக்கும் திருப்பத்தூருக்கும் பஸ் பிடிக்கிற பெண்கள் அதற்கு மேல் உட்காரமுடியாது. முதல் சனிக்கிழமை காலை 10 மணி என்று மாற்றியிருக்கிறேன். அன்று இரண்டு ஷிஃப்டுக்கும் வகுப்பு இல்லை.